கரி பிரஷ்ஷில் கரி என்ன செய்கிறது?

கரி டூத் பிரஷ் என்று விற்கப்படுவது, கரித்தூள் கலந்த பிளாஸ்டிக் இழைகளைக் கொண்ட பிரஷ். இழையின் மூலப்பொருள் நைலான், அல்லது பிபிடி என்ற பாலியெஸ்டர். தொழிற்சாலையில் இந்தப் பிளாஸ்டிக்கை உருக்கி நுண்துளைகள் வழியே இழுத்து நூலாக்குவார்கள். உருகிய நிலையிலேயே, மாவாக அரைத்த மூங்கில் கரியோ மரக்கரியோ அதில் சேர்க்கப்படுகிறது. நூல் கறுப்பாக வெளிவருகிறது. அதன் பிறகு நறுக்குவது, கொத்துக் கொத்தாக மடித்துப் பிரஷ் தலையின் குழிகளில் பதிப்பது, நுனியைச் சீராக்குவது எல்லாம் சாதாரண பிரஷ்ஷுக்கு நடக்கும் அதே வேலைகள்தான். கறுப்பு இழையிலும் பெரும்பங்கு பிளாஸ்டிக். கரி அதில் ஒரு சேர்மானம்.

அட்டையில் அச்சாகும் வாக்குறுதிகள் பொதுவாக நான்கு: பல் வெளுக்கும், வாய்நாற்றம் போகும், கிருமி குறையும், ஈறு நோகாது. முதல் மூன்றும் கரியின் பெயரால் சொல்லப்படுபவை. நான்காவதற்கும் கரிக்கும் சம்பந்தமில்லை. அது இழை எவ்வளவு மெல்லியது என்பதைப் பொறுத்தது. ஆனால் முதல் நாள் பல் துலக்கும்போதே வாங்கியவருக்குத் தெரிவது இந்த நான்காவதுதான். அந்த மென்மையின் பெருமை கரியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

கரிக்குப் பேர் வந்த வழி

பல்லுக்குக் கரி என்பது தமிழருக்குப் புதிதல்ல. நெல் உமியைக் கருக்கி, உப்புச் சேர்த்து, ஆள்காட்டி விரலால் தேய்க்கும் உமிக்கரிப் பழக்கம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இரண்டு தலைமுறைக்கு முன்புவரை வீட்டுக்கு வீடு இருந்தது. அடுப்புக்கரியும் செங்கல் தூளும்கூட அந்த வரிசையில் வருபவை. உமிக்கரி பல்லைப் பளிச்சென்று ஆக்கியது உண்மை. ஆனால் அந்த வேலையைச் செய்தது கரி மட்டுமல்ல. உமியில் சிலிக்கா ஏராளம். முழுதும் எரித்த உமிச்சாம்பலில் பத்துக்கு எட்டு ஒன்பது பங்கு சிலிக்காதான். மணலின் வேதிப்பொருளும் அதுவே. கறை கரைந்து போகவில்லை, சுரண்டப்பட்டது. கறையோடு பல்லின் மேல்பூச்சும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கழுத்துப் பகுதியில் பள்ளம் விழுந்து, குளிர்ந்த நீர் பட்டால் கூசும் பற்கள் இத்தகைய தேய்ப்பில் விளைபவை.

இன்றைய விளம்பரங்கள் கடன் வாங்கும் பெருமை வேறொரு கரியுடையது. அது கிளர்வூட்டப்பட்ட கரி. வணிகத்தில் ஆக்டிவேட்டட் கார்பன். தேங்காய்ச் சிரட்டைக் கரி அதற்கு உலகெங்கும் விரும்பப்படும் மூலப்பொருள். காங்கேயம் வட்டாரத்தில் சிரட்டைக் கரிச் சூளைகள் நிறைய உண்டு. இலங்கையில் 1973இல் தொடங்கப்பட்ட ஹேகார்ப் நிறுவனம் இந்தத் தொழிலில் உலக அளவில் பெயர் பெற்றது. சிரட்டைக் கரியை 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவியால் தாக்கும்போது அதனுள் எண்ணற்ற நுண்துளைகள் திறக்கின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டருக்கு விரிகிறது: ஒரு சிட்டிகைத் தூளுக்குள் 25 சென்ட் நிலம். அந்தப் பரப்பில் நிறமிகள், நாற்ற வாயுக்கள், நச்சுப்பொருள்கள் ஒட்டிக்கொள்கின்றன. பள்ளி வேதியியல் பாடத்தில் இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர்.

குடிநீர் வடிகட்டியில் வாடை போவது இதனால்தான். சிலவகை விஷம் அருந்தியவர்களுக்கு மருத்துவமனையில் கரித்தூளைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பதும் இதற்காகத்தான். அங்கே பெரியவர் ஒருவருக்குக் கொடுப்பது 50 கிராம் அளவில். டூத் பிரஷ் ஒன்றின் இழைகள் அத்தனையையும் பிடுங்கி நிறுத்தாலே எடை ஒரு கிராமை ஒட்டித்தான் வரும். அதிலும் கரி ஒரு சிறு பங்கு.

துளை அடைபட்டபின்

அளவைவிடப் பெரிய சிக்கல், கரி இருக்கும் இடம். பரப்புக் கவர்ச்சி நடக்க வேண்டுமென்றால் துளையின் வாய் திறந்திருக்க வேண்டும். அகற்ற வேண்டிய பொருள் அதற்குள் நுழைய வேண்டும். அதற்குப் போதிய நேரமும் வேண்டும். உருகிய நைலானுக்குள் அமிழ்ந்த கரித்துகளைப் பிளாஸ்டிக் எல்லாப் பக்கமும் மூடிக்கொள்கிறது. இழையின் மேற்பரப்பில் தலைகாட்டும் சில துகள்கள் மட்டுமே எச்சிலைத் தொடும். அவையும் முதல் நாளே பற்பசையின் நுரைப்பான், சுவையூட்டி, எச்சில் புரதம் எல்லாவற்றையும் சந்திக்கின்றன. துளை எதையாவது பிடிக்கிறது என்றால் முதலில் பிடிப்பது அவற்றைத்தான். மேலும், எல்லாக் கரியும் கிளர்வூட்டப்பட்டதும் அல்ல. ஜப்பானின் பிஞ்சோட்டான், வாகயாமா பகுதியில் கருவாலி மரத்தை உயர் வெப்பத்தில் சுட்டு எடுக்கப்படும் உயர்தர அடுப்புக்கரி. மூங்கில் கரியும் பல நேரம் வெறும் கரியே. அட்டையில் கரி என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தக் கரி என்பது வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை.

இந்த அடிப்படை புரிந்தால் மூன்று வாக்குறுதிகளையும் எடைபோடுவது எளிது.

வெண்மையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பல்லின் கறை இருவகை. டீ, காபி, வெற்றிலை பாக்கு, புகையிலை, நீண்ட நாள் குளோர்ஹெக்சிடின் வாய்கொப்பளிப்பு ஆகியவற்றால் பல்லின் வெளிப்புறத்தில் படிவது ஒன்று. பல்லுக்குள்ளேயே இருப்பது மற்றொன்று. வெளிக்கறையில் மெல்லியதை எந்தப் பிரஷ்ஷும் பற்பசையோடு சேர்ந்து ஓரளவு அகற்றும். அது உராய்வின் வேலை, கறுப்பு இழையும் வெள்ளை இழையும் அதைச் செய்வது ஒரே விதமாகத்தான். வெற்றிலைக் கறை போல இறுகியதைப் பல் மருத்துவர் கருவி வைத்தே எடுக்க வேண்டும்.

உட்கறைக்கு இரண்டு பிரஷ்களும் பயனற்றவை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களிலும் இலங்கையின் அனுராதபுரம் பகுதியிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அந்த நீரைக் குடித்தவர்களின் எனாமலில், அதாவது பல்லின் மேல்பூச்சில், பழுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகளும் பட்டைகளும் தெரியும். இது அழுக்கல்ல, பல்லின் கட்டமைப்பிலேயே நேர்ந்த மாற்றம். கரி பிரஷ்ஷை நம்பி இதைத் தேய்ப்பவர் ஈறைத்தான் புண்ணாக்கிக்கொள்வார். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது இந்தக் காரணத்தால்தான். தடுப்பு தண்ணீர்க் குழாயில் இருக்கிறது. பல்லின் உள்நிறத்தை உண்மையில் வெளுக்கச் செய்வது ஹைட்ரஜன் பெராக்சைடு, கார்பமைடு பெராக்சைடு போன்ற வேதிப்பொருள்கள். கரியில் அத்தகைய வெளுப்பு வேதியியல் ஏதுமில்லை.

வாய்நாற்றத்தின் கதை சுருக்கமானது. ஆக்சிஜன் எட்டாத இடங்களில் வாழும் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற கந்தக வாயுக்களை வெளியிடுகின்றன. அவற்றின் முக்கியக் குடியிருப்பு நாக்கின் பின்பகுதியும் ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பிளவும். இரண்டு நிமிடம் பல்லைத் தொட்டுவிட்டுத் திரும்பும் இழையில் கரி இருப்பதும் இல்லாததும் அந்தக் குடியிருப்பைப் பாதிக்காது. தினமும் நாக்கு வழிப்பது இதைவிடப் பலன் தரும்.

கிருமி விஷயத்தில்தான் கரி பிரஷ்ஷுக்குச் சாதகமான சான்று கொஞ்சம் உண்டு. இந்திய ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஒரு நுண்ணுயிரியல் ஆய்வு, பயன்படுத்திய இருவகைப் பிரஷ்களின் இழைகளையும் எடுத்து அவற்றில் உள்ள பாக்டீரியாக்களை வளர்த்துப் பார்த்தது. சாதாரண இழையில் வளர்ந்த பாக்டீரியாத் தொகுதிகள், கரி இழையில் வளர்ந்தவற்றைப் போல ஏறக்குறைய இருமடங்கு. இதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்ணிக்கை பிரஷ்ஷில் எடுக்கப்பட்டது, வாயில் அல்ல. ஆரோக்கியமான வாயிலேயே நூற்றுக்கணக்கான பாக்டீரியா இனங்கள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. பிரஷ்ஷில் இருப்பவை பெரும்பாலும் அங்கிருந்து வந்தவையே. அவை இழையில் பாதியாகக் குறைந்ததால் சொத்தையோ ஈறுநோயோ குறையும் என்று முடிவுகட்ட முடியாது. இழை ஈரமின்றிக் காய்வதே பாக்டீரியா பெருகாமல் தடுக்கும் எளிய வழி. அலசி, நிமிர்த்தி, காற்றாட வைத்த வெள்ளை பிரஷ்ஷுக்கு அந்த வசதி உண்டு. மூடிபோட்டு அடைத்த கறுப்பு பிரஷ்ஷுக்கு அது இல்லை.

இழையின் பருமன்

ஒப்பிட வேண்டியதை ஒப்பிட்டால் பேச்சு நிறத்திலிருந்து இழைக்குத் திரும்பும். இங்கிலாந்தில் வில்லியம் ஆடிஸ் 1780 வாக்கில் டூத் பிரஷ்ஷைத் தொழிலாகத் தயாரிக்கத் தொடங்கியபோது கைப்பிடி எலும்பு, இழை பன்றி மயிர். மயிரிழை உள்ளே பொந்துள்ளது. எளிதில் காயாது, பாக்டீரியா தங்கும், கொட்டியும்போகும். அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் உருவாக்கிய நைலான் 1938இல் முதன்முதலாகக் கடைக்கு வந்தது டூத் பிரஷ் இழையாகத்தான். பெண்களின் காலுறை அதற்குப் பிறகு. முதல் நைலான் இழைகள் முரடாக ஈறைக் குத்தின. மென்மையான நைலான் 1950களில் வந்தது.

மென்மையான இழை ஒன்றின் விட்டம் சுமார் 0.2 மில்லிமீட்டர், நடுத்தரம் 0.3, கடினம் 0.4 அளவில் இருக்கும். பருமன் கொஞ்சம் கூடினாலும் விறைப்பு பலமடங்கு ஏறும். நியூ ஆர்லியன்ஸ் மருத்துவர் சார்லஸ் பாஸ் 1948இல் வகுத்த துலக்கும் முறை மென்மையான, நுனி உருட்டிய இழைக்காகவே அமைந்தது: இழையை ஈறின் விளிம்பில் 45 டிகிரி சாய்த்து வைத்து, இருந்த இடத்திலேயே சிறிது அசைக்க வேண்டும். இழை நுனி ஈறுக்கடியில் சற்று நுழைந்து அங்குள்ள பற்படலத்தை, அதாவது பல்லில் ஒட்டிய பாக்டீரியாப் படிவை, கலைக்கும். இதில் சிறு மாற்றம் செய்த முறையைத்தான் இன்றும் பல் மருத்துவக் கல்லூரிகள் கற்பிக்கின்றன. வெட்டிய நுனி கூராக விடப்பட்டிருந்தால் இதே அசைவு ஈறைக் கீறும். மலிவான பிரஷ்களில் இந்த நுனி உருட்டும் வேலை அரைகுறையாக நடப்பதுண்டு. கறுப்பு நிறம் அதற்கு உத்தரவாதம் ஆகாது.

ஒப்பீட்டைக் குழப்பும் ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. சந்தையில் உள்ள கரி பிரஷ்கள் பலவற்றில் இழை நுனி ஊசிபோல மெலிந்திருக்கும். பிபிடி இழையின் முனையை வேதிக் கரைசலில் கரைத்து அந்த மெலிவைக் கொண்டுவருகிறார்கள். பிபிடி நைலானைவிடக் குறைவாகவே நீர் உறிஞ்சும். அதனால் நனைந்தும் விறைப்பு அதிகம் மாறாது, விரைவில் காயும். நுனி மெலிந்த இழை பல்லிடுக்கின் வாயில் கூடுதலாக நுழையும், ஈறில் படும்போது இதமாகவும் இருக்கும். இதே பிபிடி இழை கரியில்லாமல் வெள்ளையாகவும் நீலமாகவும் கிடைக்கிறது. பழைய, நடுத்தர விறைப்புள்ள பிரஷ்ஷைத் தூக்கிப்போட்டுவிட்டு மெல்லிழைக் கரி பிரஷ்ஷுக்கு மாறியவர் உணரும் முன்னேற்றத்தில் மெல்லிழையின் பங்கு எவ்வளவு, கரியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தால் கரிக்கு மிஞ்சுவது சொற்பம்.

கறுப்பு மறைப்பது

கரி பிரஷ்ஷின் கண்ணுக்குத் தெரிந்த ஒரே உறுதியான வேறுபாடு அதன் நிறம். அந்த நிறத்துக்கு ஒரு பாதகம் உண்டு. ஈறு அழற்சியின் முதல் அடையாளம் வலியல்ல, துலக்கும்போது கசியும் ரத்தம். வெள்ளை இழையில் லேசான இளஞ்சிவப்பு தெரிந்தவுடன் கவனம் போகும். கறுப்பு இழையில் அது தெரியாது. துப்பும் நுரையைப் பார்ப்பவருக்குத்தான் தெரியும், காலை அவசரத்தில் அதைப் பார்ப்பவர் குறைவு. ஆரம்ப நிலை அழற்சி சரியாகத் துலக்கினாலே மாறிவிடக்கூடியது. கவனிக்காமல் விட்டால் பல்லைத் தாங்கும் எலும்புவரை போகும். இழையின் அடியில் சேரும் பசை எச்சமும் பூஞ்சையும்கூடக் கறுப்பில் மறைந்துகொள்ளும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறுநோய் அதிகம் வரும் என்பதால் அவர்களாவது வெளிர்நிற இழையை வைத்துக்கொள்வது விவேகம்.

பிரஷ் வேறு, பசை வேறு

கரி பிரஷ் வாங்குபவர் கரிப் பற்பசையையும் சேர்த்து வாங்குவது இயல்பு. இரண்டும் ஒரே தட்டில் அடுக்கப்பட்டிருக்கும். ஆனால் இவற்றின் ஆபத்து ஒன்றல்ல. பிரஷ்ஷில் கரி பிளாஸ்டிக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. பயனும் அற்பம், தீங்கும் அற்பம். பசையிலும் பொடியிலும் கரி தனித்துகளாக நேரே பல்லில் தேய்கிறது. பல்லைப் பிரஷ்ஷால் மட்டும் தேய்த்தால் எனாமல் ஏறக்குறையத் தேய்வதே இல்லை. தேய்மானத்தைத் தீர்மானிப்பது பசையில் உள்ள உராய்பொருள். எனாமலின் எடையில் 96 சதவீதம் கனிமம், உயிருள்ள செல் அதில் இல்லை, ஆகவே போனது போனதுதான். அது மெலிய மெலிய உள்ளே இருக்கும் மஞ்சள் நிற டென்டின் வெளித்தெரியும். வெண்மைக்காகக் கரிப்பொடி தேய்த்தவரின் பல் வருடங்கள் போகப் போக மஞ்சளாவது இப்படித்தான்.

அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகப் பல் மருத்துவர்கள் 2017இல் கரிப் பசைகளையும் பொடிகளையும் பற்றிய 118 கட்டுரைகளைத் திரட்டிப் படித்தார்கள். அவற்றின் பயனுக்கோ பாதுகாப்புக்கோ போதிய ஆதாரம் இல்லை என்பது அவர்கள் முடிவு. பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் 2019இல் வந்த ஆய்வுக்கட்டுரை 50 கரிப் பற்பசைகளைப் பரிசீலித்தது. ஃபுளோரைடு இருந்தது அவற்றில் 8 சதவீதத்தில் மட்டும். கரித்துகள் ஈறு இடுக்கிலும் அடைத்த பல்லின் ஓரத்திலும் தங்கிக் கறுப்புக் கோடாகத் தெரியும் என்ற எச்சரிக்கையையும் அது சேர்த்தது.

ஃபுளோரைடு இல்லாமை இதில் பெரிய இழப்பு. சர்க்கரையை உண்ணும் பாக்டீரியா அமிலம் சுரந்து, பல்மேல் பிஎச் மதிப்பு 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து கனிமம் கரைகிறது. எச்சில் அதை மீண்டும் படியவைக்க, ஃபுளோரைடு துணைசெய்கிறது. ஃபுளோரைடு பற்பசையை உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்தது. இந்தியாவில் பற்பசைக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு பத்து லட்சத்துக்கு 1,000 பங்கு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவு, மூன்றிலிருந்து ஆறு வயதுவரை பட்டாணியளவு போதும். பசைக்குழாயின் பின்புறப் பொடி எழுத்தில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று பார்ப்பது, பிரஷ்ஷின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியமான வேலை.

வாங்கும்போதும் வாங்கியபின்னும்

மென்மை என்று அச்சிட்டிருக்கிறதா, தலை கடைசிக் கடைவாய்ப்பல்வரை போகும் அளவு சிறியதா, பிடி வழுக்காமல் இருக்கிறதா என்ற மூன்றும் சரியாக இருந்தால் கரி பிரஷ்ஷும் நல்ல பிரஷ், சாதாரண பிரஷ்ஷும் நல்ல பிரஷ். நிறத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்கக் காரணம் இல்லை. ஒரே விலையில் கிடைத்தால் தவிர்க்கவும் பெரிய காரணம் இல்லை, மேலே சொன்ன ரத்தக்கசிவு விஷயம் தவிர. கூடுதல் பணம் செலவிட எண்ணுபவருக்கு மின்சார பிரஷ்ஷுக்காவது சான்று இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014இல் 56 பரிசோதனைகளைத் தொகுத்தபோது, மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களிடம் கைப்பிரஷ்ஷைவிடப் பற்படலம் 21 சதவீதமும் ஈறு அழற்சி 11 சதவீதமும் குறைந்திருந்தது. நடுங்கும் கை, கீல்வாதம் உள்ள முதியவர்களுக்கு அது இன்னும் வசதி.

எந்தப் பிரஷ்ஷானாலும் காலை ஒருமுறை, இரவு படுக்கும்முன் ஒருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் என்பது பொது விதி. தமிழ் வீடுகளில் தவறுவது பெரும்பாலும் இரவு வேளை. தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறைவதால் பல்லுக்கு அப்போதுதான் பாதுகாப்பு குறைவு. ஒரு பல்லுக்கு ஐந்து முகங்கள். பக்கத்துப் பற்களை ஒட்டிய இரண்டு முகங்களுக்கு எந்த இழையும் சரியாகப் போகாது, ஊசிநுனிக் கரி இழையும் சேர்த்துத்தான். அங்கே பல்லிடுக்கு நூலோ சிறு இடுக்குப் பிரஷ்ஷோ வேண்டும். பற்களில் கம்பி கட்டியவர்களுக்குச் சாதாரண பிரஷ்ஷோடு இதுவும் கட்டாயம்.

மூன்று, நான்கு மாதத்தில் பிரஷ்ஷை மாற்ற வேண்டும். இழை அதற்கு முன்பே வளைந்து விரிந்தால் அப்போதே. ஒரு மாதத்திலேயே விரிந்துவிட்டால் பிரஷ்ஷைக் குறைசொல்வதற்குமுன் கையின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். கரி தீர்ந்துபோவதால் மாற்ற வேண்டும் என்ற பேச்சுக்குப் பொருளில்லை, பிளாஸ்டிக்குள் இருப்பது எங்கும் போகாது. மூங்கில் கைப்பிடியும் கறுப்பு இழையுமாக, இயற்கைக்கு உகந்தது என்ற பெயரோடு வரும் பிரஷ்களிலும் இழை பெரும்பாலும் நைலானே. கைப்பிடி மண்ணில் மக்கும், இழை மக்காது. உரக்குழியில் போடுவதானால் இடுக்கியால் இழைக் கொத்துகளையும் அவற்றைப் பிடித்திருக்கும் சிறு உலோகத் துண்டுகளையும் பிடுங்கிவிட்டுப் போட வேண்டும்.